எட்ட நின்று பார்த்த வைத்தியர்

சில ஆண்டுகளுக்கு முன் பாளையங்கோட்டையில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்குப் போயிருந்தோம். பந்தி முடிந்து அப்பா கை கழுவிக்கொண்டிருந்தபோது, முன்பின் அறிமுகமில்லாத ஒருவர் அருகில் வந்து, மற்றவர் காதில் விழாதபடி தணிந்த குரலில், "ஐயா, கையெழுத்து முந்தி மாதிரி இல்லாம சிறுசாப் போகுதா?" என்று கேட்டார். அப்பா தபால் நிலையத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மணியார்டர் படிவங்களில் அவர் எழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருக்கும் என்று சொல்வார்கள். ஆனால் அந்தக் கேள்வியில் உண்மை இருந்தது. காசோலையில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியிலிருந்து இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. கேட்டவர் ஒரு நரம்பியல் மருத்துவர். பெண் வீட்டார் வழியில் வந்தவர். எதிர் வரிசையில் அமர்ந்து சாப்பிட்டபோது, அப்பா ரசம் சோற்றைப் பிசைந்த வேகத்தையும், தொடைமேல் சும்மா கிடந்த இடக்கை தானாக நடுங்கிக்கொண்டிருந்ததையும் கவனித்திருக்கிறார். தாமதிக்காமல் ஒரு மருத்துவரைப் பார்க்கும்படி சொல்லிவிட்டு, தம் பெயரைக்கூடச் சொல்லாமல் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

வீடு திரும்பும் வழியில் அப்பா வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "நான் சாப்பிடுதத ஒருத்தன் எதுத்தாப்புல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்திருக்கான்" என்றார். சாப்பிடுகிறவரின் வாயைப் பார்க்காதே என்று பிள்ளைகளை அதட்டி வளர்க்கும் ஊரில் பிறந்தவருக்கு, நோயைப் பற்றிய அச்சத்தைவிட அந்தப் பார்வைதான் முதலில் உறைத்தது. அந்த மருத்துவர் சொன்னது சரி என்பது மூன்று வாரங்களில் உறுதியாகிவிட்டது. அவர் பார்த்த விதம் சரிதானா என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அம்மா அவரைக் குலதெய்வம் அனுப்பிய ஆள் என்கிறார். அப்பா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறார்.

அந்த நோய்க்குப் பெயராகிவிட்ட ஜேம்ஸ் பார்க்கின்சனின் மூல நூலைத் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான். நடுங்கும் வாதத்தைப் பற்றிய ஒரு கட்டுரை என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 1817-இல் லண்டனில் வெளிவந்த, 66 பக்கமே உள்ள சிறு நூல் அது. அதில் வரும் நோயாளிகள் 6 பேர். அவர்களில் மூவரை அவர் அருகிலிருந்து அறிந்திருந்தார். மற்ற மூவரில் இருவரைத் தற்செயலாகத் தெருவில் கண்டதாக அவரே எழுதுகிறார். எஞ்சிய ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. உலகம் முழுவதும் இன்று அறியப்பட்டுள்ள ஒரு நோயின் முதல் தெளிவான சித்திரத்தில் பாதி, வைத்தியம் கேட்டு அவரிடம் வராதவர்களின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் படித்தபோது எனக்குக் கல்யாண மண்டபம்தான் நினைவுக்கு வந்தது.

பார்க்கின்சன் 1755-இல் லண்டனின் ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் பிறந்து, அதே பகுதியில் வைத்தியம் பார்த்து, 1824-இல் அங்கேயே இறந்தவர். அவர் பெரிய பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர்; மருந்தைத் தாமே கலந்து கொடுத்து, சிறு அறுவைகளும் செய்யும் அப்போதிக்கரி. தந்தையும் அதே தொழில். இலங்கைத் தமிழருக்கு அந்தச் சொல் பழக்கமானது, மற்றவர்கள் நாட்டு மருந்துக் கடையையும் பேட்டை டாக்டரையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். அறுவை மருத்துவர் ஜான் ஹன்டரின் சொற்பொழிவுகளை 1785-இல் கேட்கப் போனவர், அவற்றைச் சுருக்கெழுத்தில் எடுத்துவைத்தார். அந்தக் குறிப்புகளை அவர் மகன் 1833-இல் அச்சிட்டார். புதைபடிவங்களைப் பற்றி மூன்று பெரிய தொகுதிகள் எழுதினார். லண்டன் புவியியல் கழகத்தை 1807-இல் நிறுவியவர்களில் அவரும் ஒருவர். சேற்றில் கிடக்கும் ஒரு கல்லைப் பார்த்ததும் அதில் பதிந்திருப்பது எந்தச் சிப்பி என்று அடையாளம் காணும் கண்ணும், கேட்டதை உடனே எழுதிக்கொள்ளும் கையும் உடையவர். அவர் தெருவில் இறங்கி நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 66 பக்கங்களே சாட்சி.

முதலில் அவர் அறிந்த நோயாளி ஐம்பதைக் கடந்த ஒரு தோட்டக்காரர். இடக்கையில் தொடங்கிய நடுக்கத்துக்கு, அந்தக் கையை வருத்திச் சில நாட்கள் செய்த வேலையே காரணம் என்று அவர் நம்பியிருந்தார். அவரிடம் பார்த்துத் தெரிந்துகொண்ட குறிகள் கண்ணில் பதிந்த பிறகுதான் பார்க்கின்சனுக்குத் தெருவில் மற்றவர்கள் புலப்படத் தொடங்குகிறார்கள். இரண்டாமவர் 62 வயதுக்காரர். வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு நீதிபதி அலுவலகத்தில் ஊழியராகக் கழித்தவர். நூல் வெளிவந்த ஆண்டில் பார்க்கின்சனும் 62 வயதை எட்டினார் என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. அந்த மனிதர் குனிந்து, நடுங்கி, முன்பாதத்தால் மட்டும் நடந்து, கைத்தடி இல்லையென்றால் ஒவ்வோர் அடியிலும் விழுந்துவிடும் நிலையில் இருந்தார். தம் ஒழுங்கற்ற வாழ்க்கையும் குடியுமே இந்த நோயைக் கொண்டுவந்தன என்று உறுதியாகச் சொன்னார். தொலைவிலுள்ள வேறொரு பங்கின் (தேவாலய வட்டாரத்தின்) ஏழைகள் விடுதியில் தங்கியிருந்தவர் அவர். இது தீராத நோய் என்பதில் அவருக்கு ஐயமில்லை. எனவே எந்தச் சிகிச்சையும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

மூன்றாமவரைப் பற்றிய பத்தியை நான் பலமுறை படித்திருக்கிறேன். சுமார் 65 வயது, மல்லனைப் போன்ற உடற்கட்டு. நடுக்கம் என்ற சொல்லே போதாது என்னும் அளவுக்குத் தலையும் உடம்பும் கைகால்களும் ஆடின. அவரால் நடக்க முடியாது. தலை முன்னே சாய்ந்து இழுப்பதால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்தாறு அடிக்கு ஒருமுறை கைத்தடியின் நுனியை நடைபாதையில் ஓங்கிக் குத்தி, அந்த உதைப்பில் உடம்பை நிமிர்த்திக்கொள்வார். தாம் ஒரு மாலுமி என்றும், ஸ்பெயின் நாட்டுச் சிறையொன்றில் மாதக்கணக்கில் ஈரத் தரையில் படுத்துக் கிடந்ததால் இது வந்தது என்றும் சொன்னார். இப்போது பிச்சை எடுத்துப் பிழைக்கிறார். மருத்துவமனையில் சேர்ந்து பார்க்கும்படி பார்க்கின்சன் எடுத்துச் சொன்னார். அந்த ஏழை மனிதருக்கு அந்தச் சோதனையில் சற்றும் விருப்பம் இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதி அந்தப் பத்தியை முடிக்கிறார்.

ஐந்தாமவர் ஒரு கனவான். அவரைத் தொலைவிலிருந்து மட்டுமே பார்க்க முடிந்தது, விவரங்களைப் பெற முடியவில்லை என்கிறது நூல். ஒரு பணியாள் முன்னால் நின்று அவருடைய இரண்டு தோள்களிலும் கை வைத்திருப்பான்; அவர் முன்னும் பின்னும் மெல்ல அசைந்து சமநிலைக்கு வந்ததும் ஒரு வார்த்தை சொல்வார்; பணியாள் விலகி முன்னே ஓட, அவர் ஓட்டமாகக் கிளம்பி இருபது அடி போனதும் விழாமல் அவனே தாங்கிப் பிடித்துக்கொள்வான். சொல்லப்போனால் நூலிலேயே மிகத் துல்லியமான அசைவு வருணனை இதுதான். ஒருமுறை கண்டு எழுதியதா, பலமுறை நின்று பார்த்து எழுதியதா என்று படிக்கிறவர் தமக்குள் கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாது.

இந்த மூவரையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று உறுத்துகிறது. நீதிமன்ற ஊழியராக இருந்து ஏழைகள் விடுதிக்கு வந்தவரையும், பிச்சைக்கார மாலுமியையும் நடுத்தெருவில் நிறுத்தி, வயது என்ன, என்ன வேலை பார்த்தீர், எப்போது தொடங்கியது, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்க அவருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. கனவானிடம் அது முடியவில்லை. அவருக்கு முன்னால் ஒரு பணியாள் இருந்தான். அதைவிட, அறிமுகமில்லாத ஓர் அப்போதிக்கரி தெருவில் போய் ஒரு கனவானின் உடம்பைப் பற்றிக் கேட்பது அந்தச் சமூகத்தில் நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. ஏழையின் நோய்க்கு முன்கதை கிடைத்தது, பணக்காரரின் நோய்க்குத் தோற்றம் மட்டுமே கிடைத்தது. வழக்கமாக நாம் கவலைப்படுவது தொலைவிலிருந்து பார்ப்பதைப் பற்றி. ஆனால் இங்கே தொலைவு என்பது மரியாதையின் அளவாக இருக்கிறது. யாரை நெருங்கலாம், யாரை எட்ட நின்று மட்டுமே பார்க்கலாம் என்பதை மருத்துவ அறம் தீர்மானிக்கவில்லை, சட்டைத் துணி தீர்மானித்தது.

அது பார்க்கின்சனின் தனிப்பட்ட குறை அன்று. இங்கிலாந்தில் 1697-இல் வந்த ஒரு சட்டம், பங்கின் உதவித்தொகை பெறும் ஏழைகள் தோளில் தம் பங்கின் முதலெழுத்தோடு 'பி' என்ற எழுத்தையும் துணியில் தைத்து அணிய வேண்டும் என்றது. எல்லா ஊர்களிலும் அது ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்றாலும், சட்டப் புத்தகத்திலிருந்து அந்த விதி நீக்கப்பட்டது 1810-இல்தான். அதாவது, பார்க்கின்சன் அந்த மனிதர்களைத் தெருவில் கண்ட தலைமுறைக்குப் பார்க்கப்படுவது என்பதே உதவி பெறுவதற்கான நிபந்தனையாக இருந்தது. தெருவில் நின்று கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர்களிடம்தான் அவர் கேள்வி கேட்டார். அந்த மாலுமி பதில் சொன்னது விரும்பியா, கனவான்போல் உடுத்திய ஒருவர் கேட்டால் சொல்லியாக வேண்டும் என்ற பழக்கத்தாலா என்பதைத் தாள் நமக்குச் சொல்லாது.

அன்றைய மருத்துவ அறம் இதைப் பற்றி என்ன சொன்னது என்று பார்த்தால் பெரிய வெற்றிடம்தான் தெரிகிறது. மான்செஸ்டர் மருத்துவர் தாமஸ் பெர்சிவல் 1803-இல் மருத்துவ அறவியல் என்ற பெயரிலேயே ஒரு நூல் வெளியிட்டார். மருத்துவமனையில் எப்படி நடந்துகொள்வது, தனி வைத்தியத்தில் எப்படி, அப்போதிக்கரிகளிடம் எப்படி, நீதிமன்றத்தில் எப்படி என்று நான்கு இயல்கள் அதில் உண்டு. தெருவுக்கு இயல் இல்லை. நோயாளி என்று ஆன பிறகுதான் ஒருவருக்கு மறைகாப்பு உண்டு. நோயாளி ஆகாத வழிப்போக்கருக்கு எதுவும் இல்லை. வியப்பு என்னவென்றால், அதைவிட இரண்டாயிரம் ஆண்டு பழமையான ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழி இந்த இடத்தைத் தொட்டிருக்கிறது. சிகிச்சையின்போது கண்டதும் கேட்டதும் மட்டுமல்லாமல், சிகிச்சைக்கு வெளியே மனிதர்களின் வாழ்க்கையில் கண்டதிலும் வெளியே சொல்லத் தகாததைச் சொல்ல மாட்டேன் என்பது அதன் வாசகம். எது தகாதது என்பதை முடிவு செய்யும் உரிமையை மட்டும் அது மருத்துவரிடமே விட்டுவிட்டது.

பார்க்கின்சன் யாருடைய பெயரையும் எழுதவில்லை. வயதும் தொழிலும் நடையும் மட்டுமே தந்தார். ஆனால் நீதிபதி அலுவலகத்தில் வேலை பார்த்து, முன்பாதத்தால் நடந்து, இன்ன வயதில் ஏழைகள் விடுதிக்குப் போன மனிதர் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? அந்த விடுதியில் அவர் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் இந்தப் பக்கத்தைப் படித்திருந்தால் ஆளை உடனே கண்டுகொண்டிருப்பார். படித்திருக்க வாய்ப்பில்லை என்பதுதான் அன்றைய மறைகாப்பு. ஏழைக்குப் பாதுகாப்பு அவர் எழுத்தறியாமையில் இருந்தது என்று சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இன்று அந்தப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் படிக்கலாம். குடியால் கெட்டேன் என்று ஒரு முதியவர் தெருவில் அந்நியரிடம் சொன்ன வார்த்தை இருநூறு ஆண்டு கடந்தும் அங்கே நிற்கிறது.

இத்தனைக்கும், பார்க்கப்படுவது என்றால் என்ன என்று பார்க்கின்சனுக்கு நன்றாகத் தெரியும். 1790-களில் அவர் ஓல்ட் ஹியூபர்ட் என்ற புனைபெயரில் அரசைச் சாடித் துண்டறிக்கைகள் எழுதியவர். வாக்குரிமைச் சீர்திருத்தம் கேட்ட லண்டன் கரெஸ்பாண்டிங் சொசைட்டியில் உறுப்பினர். அந்தச் சங்கத்தின் கூட்டங்களில் அரசின் ஒற்றர்கள் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். மன்னர் மூன்றாம் ஜார்ஜை நாடக அரங்கில் நச்சு அம்பு எய்து கொல்லச் சதி நடந்ததாகச் சிலர் கைது செய்யப்பட்டபோது, 1794-இல் பார்க்கின்சனும் பிரதமர் பிட் இருந்த மன்னர் ஆலோசனைக் குழுவின் முன் விசாரிக்கப்பட்டார். தம் பதில்கள் தமக்கே எதிராகத் திரும்பாது என்ற உறுதி கிடைக்காமல் வாய் திறக்க மறுத்தார். கேள்வி கேட்பவர் முன் ஒருவருக்கு என்ன உரிமை உண்டு என்பதில் அவ்வளவு தெளிவாக இருந்தவர் அவர்.

இன்னொரு நிகழ்ச்சி அவரைக் கடுமையாகக் குத்தியிருக்க வேண்டும். ஹாக்ஸ்டனில் மனநோயாளர் விடுதிகள் பல இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு அவர் மருத்துவராக இருந்தார். ஒரு பெண்ணைச் சட்டத்துக்குப் புறம்பாக அங்கே அடைத்து வைத்ததற்காக அவளுடைய உறவினர் தண்டிக்கப்பட்டபோது, சேர்க்கைக்குத் துணைபோன மருத்துவர் என்ற முறையில் பார்க்கின்சனும் கண்டனத்துக்கு ஆளானார். 1811-இல் தம் தரப்பை விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார். ஒரு மனிதரை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு எழுதும் நான்கு வரி அவரை எங்கே கொண்டு போய்ச் சேர்க்கும் என்பதை அறிந்த பிறகு எழுதிய நூல்தான் 1817-இன் கட்டுரை. அதன் முன்னுரை முழுவதும் ஒருவித மன்னிப்புக் கேட்கும் தொனி உண்டு: சோதனையின் இடத்தில் ஊகமும், உடற்கூற்று ஆய்வின் இடத்தில் ஒப்புமையும் வந்துவிட்டன என்று அவரே ஒப்புக்கொள்கிறார். மன்னிப்பு சக மருத்துவர்களிடம் கேட்கப்படுகிறது, தெருவில் நிறுத்தப்பட்டவர்களிடம் அல்ல. இருந்தாலும் பெரும்பாலான மருத்துவர்கள் அந்த அளவுகூட எழுதியதில்லை.

நான் அவருக்குச் சாதகமாகச் சொல்ல நினைப்பது வேறொன்று. தெருவில் கண்ட அந்த இருவரும் மறுத்ததைப் பார்க்கின்சன் எழுதிவைத்தார். ஒரு நோய்க்கு முதல் விளக்கம் எழுதுகிறவருக்கு, சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவரின் மறுப்பால் எந்தப் பயனும் இல்லை. அதை விட்டுவிட்டு நடையையும் நடுக்கத்தையும் மட்டும் எழுதியிருக்கலாம். அதேபோல், ஈரத் தரையும் குடியும்தான் காரணம் என்று அவர்கள் நம்பியதை, கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் கோளாறு இருக்கலாம் என்ற தம் சொந்த ஊகத்துக்கு அது உதவாதபோதும் பதிவு செய்தார். மாலுமி ஏன் மருத்துவமனைக்குப் போக விரும்பவில்லை என்று அவர் எழுதவில்லை. என் ஊகத்தைச் சொல்கிறேன்: உரிமை கோர ஆளில்லாத பிணங்களுக்கு உடற்கூற்றுப் பள்ளிகளில் கிராக்கி இருந்த, இரவில் கல்லறைகளைத் தோண்டித் திருடிய காலம் அது. 1832-இல் வந்த உடற்கூற்றுச் சட்டம், ஏழைகள் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து யாரும் கேட்டு வராதவர்களின் உடல்களை அறுத்துப் படிக்க வெளிப்படையாகவே வழி செய்தது. ஸ்பெயின் சிறையிலிருந்து உயிரோடு மீண்ட ஒருவர் இன்னொரு பூட்டிய கட்டடத்துக்குள் போகத் தயங்கியதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. அவரிடம் மிச்சமிருந்த உடைமை, கைத்தடியை ஊன்றித் தம் போக்கில் ஓடிவிடும் உரிமை ஒன்றுதான். அதை அவர் பயன்படுத்திக்கொண்டார்.

தெருவில் நின்று பார்த்த எல்லோரும் இந்த அளவுக்குக்கூட நெருங்கி வந்தவர்கள் அல்லர். லீட்ஸ் நகர அறுவை மருத்துவர் சார்ல்ஸ் டர்னர் தாக்ரா, தொழில்கள் உடல்நலத்தை எப்படிப் பாதிக்கின்றன என்று 1831-இல் எழுதிய நூலில், மான்செஸ்டர் தெருவில் நண்பகல் 12 மணிக்கு ஆலைகளிலிருந்து வெளியேறும் தொழிலாளர் வெள்ளத்தை நின்று பார்த்ததை விவரிக்கிறார். பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோருமே நோஞ்சான்களாக, வெறுங்காலோடு இருந்தார்கள். ஆண்களில் வயதானவர் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. பெண்களிடமும் மலர்ந்த முகம் இல்லை. யாரையும் அவர் நிறுத்திப் பேசவில்லை, பேசவும் முடியாது. அது ஓர் ஆற்றைப் பார்ப்பதுபோன்ற பார்வை. அவர் நோக்கம் நல்லது. ஆலைகளில் பிள்ளைகள் படும் பாட்டைச் சமூகத்தின் முகத்தில் வைக்கத்தான் எழுதினார். ஆனால் அதே பத்தியில் சீரழிந்த ஓர் இனத்தைக் கண்டேன் என்று எழுதிவிடுகிறார். தனி மனிதரோடு பேசாத பார்வை கூட்டத்தை இனமாக மாற்றிவிடும் வேகம் எனக்கு அச்சமூட்டுகிறது. அவரைக் காப்பாற்றுவது அந்த வாக்கியத்தில் அவர் போட்ட ஒரு சிறிய தயக்கம்: கண்டேன், அல்லது கண்டதாக நினைத்தேன்.

அந்தத் தயக்கம் இல்லாதவரும் இருந்தார். மருத்துவப் படிப்பை முடிக்காமல் விட்ட பிரான்சிஸ் கால்டன், பிரிட்டனின் நகரங்களில் நடந்துபோகும் பெண்களை அழகு, நடுத்தரம், அருவருப்பு என்று மூன்றாகப் பிரித்து எண்ணினார். சட்டைப்பையில் சிலுவை வடிவில் கிழித்த தாள், கையில் ஊசி. யாருக்கும் தெரியாமல் தாளில் துளை போடுவதே முறை. லண்டன் முதலிடம், ஆபர்டீன் கடைசி என்று முடிவும் சொன்னார். இதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பார்ப்பது மறைவாக நடக்க வேண்டும் என்பதையே கருவியின் சிறப்பாக ஒருவர் பெருமையோடு விளக்கும்போது, பார்க்கப்பட்டவர் எதிர்ச்சொல் பேசுவதற்கான இடம் முதலிலேயே அடைக்கப்பட்டுவிடுகிறது.

தெரு இவ்வளவு சிக்கலானது என்றால் மருத்துவமனை மேலானதா? அரை நூற்றாண்டு கழித்துப் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ஜான் மார்ட்டின் ஷார்கோ அதே நோயை எடுத்துக்கொண்டார். 1862-இல் அவர் பொறுப்பேற்றபோது சுமார் 5,000 பெண்கள் அங்கே இருந்தார்கள். வயதானவர்கள், நோயாளிகள், போக்கிடம் இல்லாதவர்கள். உயிருள்ள நோய்களின் அருங்காட்சியகம் என்று அந்த இடத்தை அவரே வருணித்தார். வாழும்போது நாள்தோறும் பார்க்கலாம், இறந்த பின் அறுத்தும் பார்க்கலாம். பார்க்கின்சனின் பெயரை நோய்க்கு வைத்தவர் ஷார்கோதான். அவர் பிழைகளைத் திருத்தியவரும் அவர்தான். முக்கியமான திருத்தம், தசைகளின் விறைப்பு. பார்க்கின்சன் அதைக் குறிப்பிடவே இல்லை. ஏன் என்று எண்ணிப் பார்த்தால் காரணம் வெளிப்படை: விறைப்பு கண்ணுக்குத் தெரியாது. ஒருவருடைய கையை நம் கையில் வாங்கி, முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தால்தான் அது தட்டுப்படும். தெருவில் கண்டவரிடம் கேள்வி கேட்கலாம், கையைக் கொடுங்கள் என்று சொல்ல முடியாது. சொன்னாலும் அவர் கொடுக்க வேண்டும். தொடாமல் விட்ட கண்ணியமே அந்த நூலில் அறிவின் ஓட்டையாக நிற்கிறது. தசை வலுவிழப்பதாகப் பார்க்கின்சன் எழுதியதையும் ஷார்கோ மறுத்தார்.

ஆனால் சால்பெத்ரியேர்ப் பெண்கள் அந்தத் திருத்தத்துக்குக் கொடுத்த விலை பெரியது. கைகளை மடக்கிப் பார்த்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள். 1876 முதல் அந்தப் படங்கள் தொகுதிகளாகவே அச்சாயின. தலைநடுக்கத்தின் வேறுபாடு பின் வரிசை வரை தெரிவதற்காக இறகு செருகிய தொப்பிகளை அணிவித்து விரிவுரை மேடையில் நிறுத்தினார்கள். வேண்டாம் என்று தடியை ஊன்றிக்கொண்டு ஓடிவிட அவர்களுக்குத் தெரு இல்லை. அறிவியல் வரலாற்றை எழுதுகிறவர்கள் தெருப் பார்வையிலிருந்து மருத்துவமனைப் பார்வைக்கு வந்ததை வளர்ச்சி என்பார்கள்; அறிவைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. மாலுமியின் இடத்தில் நின்று பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பார்க்கின்சன் தவறவிட்ட இன்னொன்றை நான் வீட்டில் கண்டேன். இந்த நோயில் புலன்களும் அறிவும் பழுதுபடுவதில்லை என்று அவருடைய வரையறை முடிகிறது. இன்று மருத்துவம் அப்படிச் சொல்வதில்லை. நடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பலருக்கு மோப்ப உணர்வு மங்கிவிடுகிறது. அதைத் தெருவில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை, கேட்டால்தான் உண்டு. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த நாற்றம் தெருவரை வந்தபோதும் அப்பா பக்கத்து அறையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தது ஒருமுறை அல்ல, பலமுறை. கவனமில்லை என்று அம்மா சண்டை போட்டார், நானும் சேர்ந்துகொண்டேன். ஒரே கூரையின் கீழ் இருந்த நாங்கள் யாரும் கேட்காததையும் பார்க்காததையும், அரைமணி நேரம் எதிரே அமர்ந்து சாப்பிட்ட ஓர் அந்நியர் வேறொரு வாசல் வழியாகக் கண்டுபிடித்தார். அப்பாவின் கோபத்தில் ஒரு பங்கு எங்களுக்கு உரியது என்று எனக்குத் தெரியும். அதை அவர் அந்த மருத்துவர்மேல் இறக்கிவைத்திருக்கிறார்.

இவ்வளவு பேரை உற்றுப் பார்த்த பார்க்கின்சனின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வழியில்லை. அவருடையது என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஓவியம் ஒன்றுகூட இல்லை. புகைப்படம் வருவதற்கு முன்பே இறந்துவிட்டவர். இணையத்தில் அவர் பெயரோடு உலவும் புகைப்படம் வேறொரு ஜேம்ஸ் பார்க்கின்சனுடையது. நடுத்தர உயரத்துக்குச் சற்றுக் குறைந்தவர், அறிவும் சுறுசுறுப்பும் தெரியும் முகம், மென்மையான பழக்கம் என்று புதைபடிவ ஆய்வாளர் கிடியன் மான்டெல் எழுதிவைத்த நினைவு மட்டுமே இருக்கிறது. மாலுமியின் நடையை இன்று நாம் அடியெண்ணிச் சொல்லலாம், அவரைப் பார்த்தவரின் மூக்கு எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது.

சென்ற மாதம் ஒரு மாலையில் அப்பா நல்ல மனநிலையில் இருந்தபோது மாலுமியின் கதையைச் சொன்னேன். சிறை, ஈரத் தரை, தடியை ஊன்றி ஊன்றி ஓடுவது, மருத்துவமனைக்குப் போக மறுத்தது எல்லாவற்றையும் இடையில் எதுவும் பேசாமல் கேட்டார். பிச்சையெடுக்கிறவரைத் தெருவில் நிறுத்தி இத்தனை கேள்வி கேட்டாரே என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அந்த டாக்டரு அந்தாளுக்குத் துட்டு ஏதும் குடுத்தாராமா?" என்று கேட்டார்.

நூலை எடுத்து அந்தப் பத்தியை மீண்டும் படித்துப் பார்த்தேன். மருத்துவமனைக்குப் போகும்படி சொன்னதாக மட்டுமே அதில் இருக்கிறது.